கூரை அறுக்காத ஊரின் தகட்டுவேலை

பழைய காரின் கூரையைத் தாங்கும் தூண்களில் மூன்று அங்குலமோ நான்கு அங்குலமோ அறுத்தெடுத்துவிட்டு, மேற்பாதியைக் கீழ்ப்பாதியின்மீது இறக்கி மறுபடியும் ஒட்டவைக்கும் வேலைக்கு அமெரிக்கப் பட்டறைகளில் 'சாப்' என்று பெயர். கோடரியால் கொத்துவதைச் சுட்டும் சொல் அது; ஆனால் சொல்லில் இருக்கும் முரட்டுத்தனம் வேலையில் இல்லை. அறுப்பது ஒரு நாளில் முடிந்துவிடும் என்றால், அறுத்ததைக் கோணலின்றிச் சேர்த்து, வெப்பத்தால் நெளிந்த தகட்டைச் சமனுக்குக் கொண்டுவந்து, கதவும் கண்ணாடியும் பழையபடி பொருந்தச் செய்வதற்கு மாதங்கள் பிடிக்கும். இந்தச் சேர்க்கும் திறமையைத் தமிழ்நாட்டில் டிங்கரிங் என்கிறார்கள். மும்பைப் பட்டறைகளின் பெயர்ப்பலகைகளில் அதுவே டென்டிங் என்று எழுதப்பட்டிருக்கும். ஓட்டை விழுந்த பாத்திரத்தை அடைத்துக் கொடுத்த நாடோடித் தொழிலாளியின் பெயரிலிருந்து முதற்சொல்லும், ஒடுக்கு விழுந்ததைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டாவதும் வந்தவை. தமிழ்நாடு தொழிலாளியைப் பார்த்தும், மும்பை அவர் முன்னால் கிடக்கும் பழுதைப் பார்த்தும் பெயர் வைத்திருக்கின்றன என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் திறமைக்கு மும்பையில் பஞ்சமே இல்லை. ஆயினும் அந்த ஊரில் கூரைகள் அறுக்கப்படுவதில்லை. அதற்கான காரணம் தகட்டில் பாதியும் சட்டத்தில் பாதியுமாகக் கிடக்கிறது.

வேலை பிறந்த இடம் தெற்குக் கலிஃபோர்னியா. 1927 இறுதி முதல் 1931 வரை ஃபோர்டு நிறுவனம் தயாரித்த 'மாடல் ஏ' கார்கள் மட்டும் 48 லட்சத்தைத் தாண்டும். ஆகவே 1930-களின் பிற்பகுதியில் அங்கிருந்த இளைஞர்களுக்குப் பழைய ஃபோர்டு என்பது சிறிய தொகைக்குக் கிடைத்த, கெட்டாலும் கவலைப்பட வேண்டாத பொருளாக இருந்தது. மட்காப்புகளைக் கழற்றி எடையைக் குறைத்து, 1932-இல் அறிமுகமான எட்டு உருளை எஞ்சினைப் பொருத்தி, முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் அவர்கள் அந்தக் கார்களை ஓட்டிப் பந்தயம் நடத்தினார்கள். அப்படி மாற்றப்பட்ட கார்களுக்குப் பிற்காலத்தில் நிலைத்த பெயர்தான் 'ஹாட் ராட்'. கூரையை இறக்கும் வழக்கம் அழகுக்காகத் தொடங்கியதன்று. 48 அங்குல அகலமுள்ள கூரைப்பகுதியில் மூன்று அங்குலத்தைக் குறைத்தால், காற்றை எதிர்த்து நிற்கும் முகப்பில் 144 சதுர அங்குலம், அதாவது சரியாக ஒரு சதுர அடி குறைகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், அந்த ஒரு சதுர அடி ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமில்லாமல் போனாலும், மணிக்கு நூறு மைல் வேகத்தில் நன்றாகவே உணரப்படும்.

போருக்குப் பிறகு வேகக் கணக்கு பின்னுக்குப் போய்த் தோற்றம் முன்னுக்கு வந்தது. குறுகிய சன்னல்களும் நீண்டு தாழ்ந்த உடலும் கொண்ட கார்தான் கம்பீரம் என்ற எண்ணம் பரவியபோது, சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்ற சகோதரர்களின் பட்டறை அதற்குப் பேர்போன இடமாயிற்று. வாயால் விளம்பரம் செய்தவர் ஜார்ஜ். தகட்டில் கை வைத்தவர் சாம். 1951-ஆம் ஆண்டின் மெர்குரி கார் ஒன்றை அவர்கள் மாற்றியமைத்தபோது கூரையை முன்புறம் நான்கு அங்குலமும் பின்புறம் ஏழு அங்குலமும் இறக்கினார்கள். உரிமையாளரின் பெயரால் 'ஹிரோஹாட்டா மெர்க்' என்று அழைக்கப்படும் அந்தக் கார் இந்தத் தொழிலின் உச்சம் என்று இன்றும் கருதப்படுகிறது. முன்னும் பின்னும் ஒரே அளவாக இறக்காமல் வேறுவேறு அளவில் இறக்கியதுதான் அதன் நுட்பம். ஏன் அப்படி என்பது புரிய வேண்டுமானால் கொஞ்சம் வடிவகணிதம் தேவைப்படும்.

கூரைத் தூண்கள் செங்குத்தாக நின்றால் கணக்கே இல்லை. மூன்று அங்குலத்தை எடுத்தால் கூரை மூன்று அங்குலம் நேராக இறங்கி உட்கார்ந்துவிடும். மாடல் ஏ காரின் முன்கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது. கூரையின் நடுப்பகுதியும் இரும்புத் தகடாக இல்லாமல், மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணியாக இருந்தது. தொடக்ககால இளைஞர்கள் கொல்லைப்புறத்தில் வைத்தே கூரையை அறுக்க முடிந்ததற்கு அவர்களுடைய துணிச்சலைப் போலவே ஃபோர்டின் தச்சுவேலையும் காரணம். பிற்காலக் கார்களில் தூண்கள் சாய்ந்தவை. முன்தூண் செங்குத்திலிருந்து 20 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாகக் கொண்டால், மூன்று அங்குலம் இறக்கும்போது மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டின் நுனியைவிட ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்வாங்கி நிற்கும். பின்தூண் அதே அளவில் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் அங்கும் ஓர் அங்குலம் விலகும். ஆக, இறக்கிய கூரை தான் உட்கார வேண்டிய இடத்தைவிட இரண்டு அங்குலத்துக்கும் மேலாகக் குட்டையாக இருக்கும். தையற்காரர் சட்டையின் உயரத்தைப் பிடித்தால் மார்பளவும் பிடிப்பதுபோன்ற சங்கடம் இது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கூரையைக் கூட்டல் குறிபோல் நான்காக அறுத்து, துண்டுகளை விலக்கி, இடைவெளியில் புதிய தகட்டுப் பட்டைகளை வைத்துப் பற்றவைப்பது ஒரு வழி. தூண்களின் அடியைக் கீறி அவற்றை இன்னும் சாயவிட்டுக் கூரையைச் சந்திக்கச் செய்வது மற்றொன்று. முதலாவதில் பற்றவைப்புக் கோடுகள் நீளும். இரண்டாவதில் முன்கண்ணாடியின் சாய்வும் அதோடு கதவின் மேற்சட்டமும் மாறிவிடும். மெர்குரி போன்ற வளைந்த உடலில் பின்கண்ணாடியும் வளைந்திருக்கும். அதை உயரத்தில் வெட்ட முடியாது என்பதால், கண்ணாடியை முழுதாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள தகட்டை முன்னோக்கிப் படுக்கவைப்பதுதான் பலரும் கண்ட தீர்வு. பின்புறம் கூடுதலாக இறங்குவது அதனால்தான். கண்ணாடிகளிலும் சாதி உண்டு: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மென்படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடியை இருபுறமும் கீறி வெட்டலாம், சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியேற்றிய கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது முழுவதும் கற்கண்டுத் தூளாக உதிர்ந்துவிடும்.

அறுப்பதற்கு முன்பு காரின் உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து முட்டுக் கொடுப்பது கட்டாயம். பழைய வீட்டின் சுவரில் புதிய வாசல் திறக்கும் கொத்தனார் உத்தரத்துக்குக் கீழே மரத்தை நிறுத்துவதும் இதே எண்ணத்தில்தான். கூரை என்பது மழைக்கு மட்டும் ஆனதன்று; கதவுகளின் இடைவெளியை மாறாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. முட்டு இல்லாமல் தூண்களை அறுத்தால் உடல் சில மில்லிமீட்டர் விரியும். அந்தச் சில மில்லிமீட்டரை மீட்க முடியாமல் கைவிடப்பட்ட கார்கள் பட்டறைகளின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

அடுத்தது நெருப்பு. கார் உடலின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுடையது. ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கலந்து எரியும் சுடர் 3,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பம் கொண்டது. இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு நீளும் என்பதால், ஒரு மீட்டர்த் தகடு 500 டிகிரி சூடேறினால் ஆறு மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீள்வதற்கு இடம் கொடுக்காமல் சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதைப் பிடித்துக்கொள்வதால் சூடான பகுதி பிதுங்குகிறது. ஆறும்போது இருந்ததைவிடக் குறுகிச் சுற்றுப்புறத்தையும் இழுத்துக்கொள்கிறது. கூரை அப்பளம்போல் நெளிவது இப்படித்தான். ஆகவே தேர்ந்தவர் ஒரே இழுப்பாகப் பற்றவைக்க மாட்டார். சாணுக்கு ஒரு புள்ளியாக 'டேக்' போட்டு, ஒரு மூலையில் ஒன்று, எதிர்மூலையில் ஒன்று என்று சுடரை அலையவிட்டு, தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே அடுத்த புள்ளிக்குப் போவார். இந்தியப் பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்லப்படும், கம்பி தானாக ஊட்டப்படும் மின்பற்றவைப்பு வந்த பிறகு வெப்பம் பரவுவது குறைந்திருக்கிறது. ஆயினும் அதன் பற்றவைப்புக் கோடு கெட்டியாக நின்று சுத்தியலுக்கு இணங்க மறுக்கும். எரிவாயுச் சுடரில் வைத்த பற்று மென்மையாகவே இருப்பதால் அதைத் தகட்டோடு தகடாகத் தட்டிவிடலாம். மூத்த தொழிலாளிகள் சுடரை விடாமல் வைத்திருப்பதைப் பழமைப்பற்று என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது.

தட்டுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். தகட்டின் வெளிப்புறம் சுத்தியலும், உட்புறம் 'டாலி' என்னும் கையடக்கமான இரும்புக் கட்டியும் எதிரெதிராக வேலை செய்கின்றன. சுத்தியல் விழும் இடத்துக்கு நேர்கீழே டாலி இருந்தால் தகடு இரண்டுக்கும் நடுவே நசுங்கி மெலிந்து பரவும். செம்புக் குடம் தட்டும் கன்னார் உலோகத்தை விரிப்பது இந்த விதியைக் கொண்டே. டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு சுத்தியலைப் பக்கத்து மேட்டில் இறக்கினால் மேடு தாழ, பள்ளம் தானே எழும்; இதில் தகடு விரிவதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர் பள்ளத்தை நேரே அடித்து எழுப்பப் பார்ப்பார். பள்ளம் எழுந்தாலும் தகடு விரிந்துவிட்டிருக்கும். விரிந்த தகடு அடங்க இடமில்லாமல், எண்ணெய் டின்னின் மூடிபோல விரலால் அழுத்தினால் 'டொக்'கென்று உள்ளே போய், விட்டால் 'டொக்'கென்று வெளியே வரும். துள்ளும் தகடு இன்னமும் முடியாத வேலை. அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் வெயிலில் ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிடும்.

விரிந்ததைச் சுருக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. இந்தத் தொழிலில் அருகே நின்று பார்க்க வேண்டியது அதைத்தான். துள்ளும் இடத்தின் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டத்தைச் சுடர் சில நொடிகளில் செக்கச்செவேலென்று ஆக்குகிறது. சுற்றியுள்ள தகடு குளிர்ந்தே இருப்பதால் சிவந்த வட்டம் பக்கவாட்டில் போக வழியின்றிச் சிறு கொப்புளமாக மேலே எழும்புகிறது. சுடர் விலகிய கணத்தில் டாலி உள்ளே போக, சுத்தியல் கொப்புளத்தைச் சுற்றி நான்கைந்து தட்டுத் தட்டி, கடைசியாக அதன் தலையில் ஒன்று வைக்கிறது. பிதுங்கிய இரும்பு தனக்குள்ளேயே தடித்து அடங்குகிறது. சிவப்பு கருத்துக்கொண்டிருக்கும்போது நனைந்த துணி மேலே விழுந்து, சீறலும் ஆவியும் எழும்பி அடங்கியதும், கருநீல வளையம் ஒன்று மட்டும் மிச்சமிருக்கும். பிறகு உள்ளங்கையில் மெல்லிய துணியை வைத்துக்கொண்டு, கண்ணை வேறெங்கோ செலுத்தியபடி, தொழிலாளி தகட்டை நீளவாக்கில் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். அதற்கும் பிடிபடாததை அரம் சொல்லும்: அரத்தை ஓட்டினால் மேடுகள் பளபளக்கும், பள்ளங்கள் கருப்பாகவே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சும் பள்ளங்களை நிரப்பப் பழைய பட்டறைகள் ஈயத்தைப் பயன்படுத்தின. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் அடுப்பு மூட்டி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் முதற்பாதி தெரிந்ததுதான். தகட்டின்மேல் முதலில் வெள்ளீயம் மெல்லியதாகப் படிய வேண்டும். அதன்மேல் காரீயம் எழுபது பங்கும் வெள்ளீயம் முப்பது பங்கும் கலந்த கம்பியைச் சுடரில் காட்டினால், 183 டிகிரியைத் தாண்டியதும் அது முழுதாக உருகி வழியாமல், மாவுபோலக் குழைந்து நிற்கும். எண்ணெய் தடவிய மரக்கரண்டியால் அதைத் தேவையான வடிவத்துக்குத் தள்ளி வைக்கலாம். அமெரிக்காவில் கூரை இறக்கிய மெர்குரி கார்களைக் கேலியாக 'ஈயச் சறுக்குவண்டி' என்று அழைத்தது இதனால்தான். காரீயத் தூள் உடலுக்கு நஞ்சு என்பதால் அதை உப்புத்தாளால் தேய்க்காமல் அரத்தால் மட்டும் சீவுவது முறை. பிற்காலத்தில் வந்த பாலியெஸ்டர்ப் பட்டி இந்த உழைப்பையெல்லாம் தேவையற்றதாக்கியது. கூடவே தட்டாமலேயே ஒப்பேற்றும் வழியையும் திறந்துவிட்டது. எதையோ சரிக்கட்டி ஒப்பேற்றியதைத் தமிழில் 'பட்டி டிங்கரிங் பார்த்தாயிற்று' என்று சொல்லுகிறபோது, பட்டி முதலில் வருவது டிங்கரிங்கைத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும்.

மும்பையில் இந்தத் திறமை வளர்ந்த கதைக்கு ஹாட் ராட்டோடு சம்பந்தமில்லை. ஆனால் அதன் தலைகீழ்ப் பிம்பம் என்று சொல்லும் அளவுக்கு ஒத்துப்போகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இலேயே சிவ்டியில் ஷெவர்லே கார்களைக் கோக்கத் தொடங்கியிருந்தது. விடுதலைக்குப் பிறகு, உதிரிகளை இறக்குமதி செய்து கோப்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-இல் அரசு கொள்கை வகுத்தபோது அந்த நிறுவனமும் ஃபோர்டும் கடையைக் கட்டின. குர்லாவில் வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், தொடக்கத்தில் டாட்ஜ், பிளிமத் போன்ற அமெரிக்கக் கார்களைக் கோத்துப் பிறகு ஃபியட்டின் பக்கம் திரும்பிற்று. 1954 முதல் ஃபியட் 1100, 1964 முதல் அதன் 'டிலைட்' வடிவம், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று ஒரே கார் பெயர் மாறி மாறி கால் நூற்றாண்டையும் தாண்டி வந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருளின் கூரையில் யாரும் அரிவாளை வைக்கத் துணிய மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் பெருக்கம் விளையாட்டுக்கு இடம் கொடுத்தது. பம்பாயில் பற்றாக்குறை பழுதுபார்ப்பைக் கலையாக்கியது. சென்ற தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களும் அந்தக் காரை வீட்டு ஆளாகவே நடத்தின. 2014-இல் வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கூரையைப் பொறுத்தவரை பத்மினிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. மாடல் ஏ காரில் அடிச்சட்டம் தனி, உடல் தனி. உடலை என்ன செய்தாலும் சட்டம் நிற்கும். ஃபியட் 1100 சட்டம் இல்லாத கார். அடித்தளம், தூண்கள், கூரை அனைத்தும் சேர்ந்த ஒரே பெட்டியாக நின்று சுமையைத் தாங்குகின்றன. முட்டைக்கு ஓடுதான் எலும்பு என்பதுபோல, அதற்குத் தகடுதான் முதுகெலும்பு. மும்பை டாக்சியை அடையாளம் காட்டிய மஞ்சள் பூச்சு அந்தக் கூரையின்மீதுதான் இருந்தது. உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து 2000-களின் தொடக்கத்தில் டாக்சிகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது பின்பெட்டியை உருளை அடைத்துக்கொள்ள, பயணிகளின் பெட்டி படுக்கையெல்லாம் கூரைமேல் இருந்த கேரியருக்குப் போயின. கேரியரின் கால்கள் பற்றிக்கொண்டிருந்தது கூரையின் ஓரத்தில் மழைநீர் வழிவதற்காக மடிக்கப்பட்ட தகட்டு விளிம்பை. ஆண்டின் நான்கு மாதம் நீர் ஓடுகிற, கடற்காற்றின் உப்பு படிகிற, பூச்சு உரசி உதிர்கிற அந்த ஒற்றை விளிம்பில்தான் துரு முதலில் வாய்வைக்கும். டாக்சி டென்டர்கள் கூரையைத் தெரிந்துகொண்டது அறுத்து அல்ல, இந்த விளிம்பைச் சாண் சாணாக வெட்டியெடுத்துப் புதிதாக மடித்து வைத்து.

மழையும் உப்பும் செய்கிற வேலையைக் காண மாட்டுங்காவில் இன்னும் பெரிய இடம் ஒன்று உண்டு. 1915-இல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டிப் பணிமனை அது. பெரம்பூரில் பிறந்த பெட்டிகள் காலமுறைப் பராமரிப்புக்கு அங்கே வரும்போது, கழிவறைக்கு அடியிலும் கதவு வாசலிலும் அரித்துப்போன தகட்டை வெட்டிவிட்டுப் புதிது வைப்பது முக்கியமான வேலைகளுள் ஒன்றாகும். தாராவியின் 13 காம்பவுண்டில் இதன் சிறிய வடிவம் நடக்கிறது: ஒடுங்கிய எண்ணெய் டின்களை வெந்நீரில் கழுவி, உள்ளே கம்பியை விட்டு நெம்பி, வெளியே மரச்சுத்தியலால் தட்டி மறுபடியும் சதுரமாக்கி அனுப்புகிறார்கள். ஒரு டின்னுக்குக் கிடைப்பது சில்லறை என்பதால் அங்கே நுணுக்கத்துக்கு நேரமில்லை. ஆனால் மேட்டைத் தட்டினால் பள்ளம் எழும் என்ற பாடம் அங்கேயும் அதேதான். 1950-களில் டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்த பிறகு அவற்றின் புகையைத் தாங்கிய செம்பூர்ப் பகுதியில் வெளியே நிறுத்தும் வண்டிக்குத் துருவின் கெடு இன்னும் சுருங்கியது. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது, கூரைவரை மூழ்கிய வண்டிகள் டென்டர்களுக்குப் பல மாத வேலையைக் கொண்டுவந்தன.

இனி சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் போன்றவற்றுக்கே இடமுண்டு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் நாள் இந்தத் தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. கூரையை மூன்று அங்குலம் இறக்கிய கார் இந்தியச் சாலையில் ஓட வழியில்லை என்பதே இதன் பொருள். புதுக் கார்களுக்குத் தனிவடிவ உடல் கட்டிப் பேர்பெற்ற டிசி டிசைன் போன்ற நிறுவனம் மும்பையில் 1993-இலிருந்து இயங்கியதை நினைக்கும்போது, விருப்பமுள்ளவர்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை.

பழைய காருக்கு மட்டும் 2021 ஜூலையில் தனி விதி வந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவத்திலேயே பேணப்பட்ட, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாத வண்டி 'வின்டேஜ்' என்று பதிவு பெறலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள், செல்லுபடி பத்து ஆண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. 1974-இல் பதிவான முதல் பத்மினிகள் 2024-இல் இந்தத் தகுதியை எட்டின. டாக்சிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. 20 ஆண்டு வயது வரம்பின்படி, 2003 அக்டோபர் 29-ஆம் நாள் தார்தேவில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபர் 30 முதல் சேவையிலிருந்து விலகியது. கடைசிவரை தட்டித் தட்டி ஓட்டப்பட்டவை எல்லாம் காய்லாங்கடைக்குப் போக, கொட்டகையில் துணி போர்த்தி நின்ற சொந்தக் கார்களே மரபு என்ற பெயரைப் பெறுகின்றன.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. மூல வடிவத்தைச் சிதைத்ததையே பெருமையாகக் கொண்ட ஹிரோஹாட்டா மெர்க் 2017-இல் அந்நாட்டின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2022 ஜனவரியில் ஏலத்தில் இருபது லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. அறுத்தவரின் பெயரும் அந்தக் காரோடு சேர்ந்தே நிற்கிறது. இந்திய விதி, கைபடாத பொருளே மரபு என்று கருதுகிறது. அப்படிக் கைபடாமல் 50 ஆண்டு மும்பையில் நின்ற இரும்பு எதுவும் இருக்க முடியாது என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. வேலை நடந்தது தெரியக் கூடாது என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். கூரையை நான்காக அறுத்து விரித்துச் சேர்க்க வேண்டிய அதே நிதானத்தோடுதான் மும்பை டென்டர் துருவேறிய விளிம்பை மீட்கிறார். ஆனால் முதலாவது வேலை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு வெற்றி, இரண்டாவது எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு வெற்றி. ஊர்வலங்களில் பரிசு வாங்கும் கார்களின் விவரப் பலகையில் ஆண்டு, தயாரிப்பாளர், உரிமையாளர் இருக்கிறார்கள். தகட்டைத் தொட்டவர் இல்லை. கோவை ஜிடி கார் அருங்காட்சியகத்தில் அழகாக நிற்கும் பழைய கார்களின் முன்னால் நிற்கும்போதும் அவர் யார் என்ற கேள்வி எழாமல் போவதில்லை.

ஆயினும் சான்று ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது. பழைய ஃபியட் ஒன்றைப் புதுப்பிக்கக் கொண்டுவரும்போது முதலில் கழற்றப்படுவனவற்றுள் கூரையின் உட்புறத்தை மூடிய துணியும் ஒன்று. அதை இறக்கியதும் வெளியே மழுமழுவென்று மின்னிய கூரையின் அடிப்புறம் வெளிச்சத்துக்கு வருகிறது. நீர் விளிம்பை ஒட்டிப் பித்தளைக் கம்பியை உருக்கி வைத்த பற்று ஒன்று மங்கிய பொன்னிறக் கோடாக ஓடும். நடுவில் டாலி பட்ட தழும்புகள் மழைத்துளி விழுந்த மணல்போலப் பரவியிருக்கும். ஓரிடத்தில் கருநீல வளையம் துருவுக்கு அடியில் இன்னும் தெரியும். தழும்புகளின் நெருக்கத்தைப் பார்த்தே அடித்தவர் பழக்கப்பட்டவரா, அவசரப்பட்டவரா என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பித்தளைக் கோட்டை அரைத்தெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதா, அல்லது துருவை மட்டும் சுரண்டிப் பிரைமர் அடித்து மேலே துணியை ஒட்டிவிடுவதா என்று முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் காரின் உரிமையாளர் அல்லர். சுத்தியலின் கைப்பிடிப் பக்கத்தால் அந்தக் கோட்டை இரண்டு மூன்று இடங்களில் தட்டி, ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் டென்டர்தான்.